மானியம் என்ற சொல்லும் காரைக்கால் எல்லைக்கோடும்

'மானியம்' என்ற சொல்லை இப்போது உரத்தோடும் டீசலோடும் சேர்த்துத்தான் கேட்கிறோம். அதைவிட்டால் திரைப்பட மானியம். காவிரிக் கடைமடையில் இந்தச் சொல்லுக்கு முன்னால் வேறொரு பிழைப்பு இருந்தது. கோயிலில் நாயனம் வாசித்தவருக்கு, தவில் அடித்தவருக்கு, நட்டுவாங்கம் செய்தவருக்கு, தேவாரம் ஓதியவருக்கு, சாவுக்குப் பறை கொட்டியவருக்கு என்று வரியில்லாமலோ குறைந்த வரியிலோ விடப்பட்ட நிலம்தான் மானியம். கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுத்தது அல்ல. வாங்கவேண்டியதை வாங்காமல் விட்டது. இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்வது நல்லது. தமிழ் சினிமாவுக்கு அரசு செய்திருக்கும் மிகப்பெரிய உதவியும் இதே ரகம்தான். அதுவும் வாங்காமல் விட்ட வரி.

பழைய மானியத்தை நினைத்து ஏங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. 'கலையை வளர்த்த மன்னர்கள்' என்ற கதையாடலை நம்ம பாடநூல்களும் திரைப்படங்களும் போதுமான அளவு பரப்பியாகிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் அவர்கள் எந்தெந்தக் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள் என்ற விவரமும் வீட்டு வரிசையோடு பதிவாகியிருக்கின்றன. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்துபோனால் அடுத்த முறைகாரர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்யவேண்டும், தகுதி இல்லையென்றால் தகுதியானவரைத் தேடி வைக்கவேண்டும் என்றும் ஏற்பாடு. நெல்லும் நிரந்தரம், கட்டும் நிரந்தரம். ஆதரவு என்பது ஒரு உடம்பை ஒரு இடத்தோடு, ஒரு சாதியோடு, ஒரு வேலையோடு பிணைக்கும் தொழில்நுட்பமாக இருந்திருக்கிறது. 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் நிறுத்தப்பட்டபோது அந்தக் கட்டின் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. 1963-ல் சிறு இனாம்களை ஒழிக்கும் சட்டம் வந்தபோது மானியம் என்ற நில ஏற்பாட்டுக்கே கணக்கு முடிக்கப்பட்டது. கட்டு அவிழ்ந்தது சரி; நெல்லுக்குப் பதில் என்ன வந்தது என்பதுதான் கேள்வி.

காரைக்கால் இந்தக் கதையில் எங்கே நிற்கிறது? 1947-ல் இந்த ஊர் பிரெஞ்சு நிலம். 1954 நவம்பர் 1-ம் தேதி ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ம் தேதி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. சுமார் 160 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். தலைநகரமான புதுச்சேரிக்குப் போக சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைக் கடந்து 130 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போகணும். 30 பேர் கொண்ட தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்தில் காரைக்காலுக்கு 5 பேர். ஆனால் சினிமா விநியோகஸ்தரின் வரைபடத்தில் இந்தத் தனித்தன்மை எதுவும் கிடையாது. படப்பெட்டி வந்த காலத்திலிருந்து காரைக்கால் 'தஞ்சை-திருச்சி ஏரியா'. நாயனக்காரரின் வரைபடத்திலும் அப்படித்தான். முகூர்த்த நாளில் திருநள்ளாற்றுத் தவில்காரரும் மாயவரத்து நாயனக்காரரும் ஒரே பந்தலில் உட்காருகிறார்கள். சந்தையும் சங்கீதமும் ஒரே டெல்டாவாகப் பார்க்கும் நிலத்தை அரசு மட்டும் இரண்டாகப் பார்க்கிறது. ஆகவே அரசு ஆதரவு என்ற விஷயத்தைப் படிக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தால் போதும்.

கோட்டுக்கு அந்தப் பக்கத்தை முதலில் பார்ப்போம். சென்னை மாகாணத்தின் கேளிக்கை வரிச் சட்டம் 1939-ல் ராஜாஜி மந்திரிசபை காலத்தில் வந்தது. மதுவிலக்கால் போன வருவாயை ஈடுகட்ட விற்பனை வரி வந்ததும் அதே ஆண்டுதான். அரசின் பார்வையில் கொட்டகை சாராயக்கடைக்குப் பக்கத்துக் கடை. ஒழிக்க முடியாவிட்டால் கறக்கலாம். (காரைக்காலுக்கு வரும் டெல்டாக்காரர்கள் இந்த உறவை வேறு வழியில் புரிந்துவைத்திருக்கிறார்கள், அதை விடுவோம்.) சாதி பார்க்காமல் தமிழர்கள் ஒரே கூரைக்குக் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலை சினிமா என்று சிவத்தம்பி எழுதியிருக்கிறார். அந்தக் கூரைக்கு அரசு விதித்த வாடகை என்று இந்த வரியைச் சொல்லலாம்.

1967-க்குப் பிறகு நிலைமை தலைகீழ். கொட்டகையிலிருந்து வந்தவர்களே கோட்டையில் உட்கார்ந்தார்கள். பாண்டியனின் எம்.ஜி.ஆர். பற்றிய புத்தகம் 1992-ல் வந்தபோது சினிமா எப்படி அரசியலை உற்பத்தி செய்கிறது என்று நாம் நிறையப் பேசினோம். அரசு எப்படி சினிமாவை உற்பத்தி செய்கிறது என்ற எதிர்க்கேள்வியை அந்த அளவுக்குப் பேசவில்லை. பிம்பத்தைப் படிப்பது சுவாரஸ்யம். வரிக் கணக்கைப் படிப்பதில் என்ன சுவாரஸ்யம்?

இருக்கிறது. 2006 ஜூலையில் தி.மு.க. அரசு தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று அறிவித்தது. 'எம்டன் மகன்' ராத்திரியோடு ராத்திரியாக 'எம் மகன்' ஆனது. ஒரு ரோபோ 'எந்திரன்' ஆனது. 2011-ல் அ.தி.மு.க. அரசு விதிகளை மாற்றியது. பெயர் மட்டும் தமிழாக இருந்தால் போதாது. தணிக்கையில் 'யு' சான்றிதழ் வேண்டும், தமிழ்ப் பண்பாட்டை வளர்க்கும் கதையாக இருக்கவேண்டும், அதைக் குழு பார்த்துச் சொல்லவேண்டும். இல்லையென்றால் 30 சதவீத வரி. 2012-ல் எதிர்க்கட்சிக் குடும்பத்து 'ஒரு கல் ஒரு கண்ணாடி'க்கு விலக்கு மறுக்கப்பட்டு உயர்நீதிமன்றம் வரை போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வரிச்சலுகை எப்படி கட்சிக் கணக்குத் தீர்க்கும் கருவியாகிறது என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அது உண்மைதான், ஆனால் மேல்தோல்.

உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பார்க்கணும். விலக்கு டிக்கெட் விற்பனையின் மேல் ஏறிக்கொள்கிறது. விலக்கு இல்லாவிட்டால் வரி கட்டவேண்டிய வசூல் 100 கோடி என்றால் 30 கோடி சலுகை. வசூல் 10 லட்சம் என்றால் 3 லட்சம். தியேட்டரே கிடைக்காத படத்துக்குப் பூஜ்யம். அதாவது எந்தப் படத்துக்கு உதவி தேவையில்லையோ அதற்கு அதிக உதவி. எதற்குத் தேவையோ அதற்கு இல்லை. ஒரு கிராம நூலகத்துக்கு ஒதுக்கீடு செய்யும்போது ஆயிரம் கேள்வி கேட்கும் நிதித்துறை இந்தத் தொகையைப் பற்றி ஒன்றும் கேட்காது. ஏனென்றால் இது செலவு அல்ல, வராத வரவு. பட்ஜெட் விவாதத்தில் யாரும் இதன்மேல் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரப் போவதில்லை. பழைய மானியத்தில் அனுபவிப்பவர் யார், நிலம் எவ்வளவு என்று கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். புதிய மானியத்தில் அந்தக் கல்லும் கிடையாது.

'யு' சான்றிதழ் நிபந்தனை இன்னும் நுட்பமானது. மத்தியத் தணிக்கை வாரியம் 'இந்தப் படத்தைக் குழந்தைகள் பெரியவர் துணையோடு பார்க்கட்டும்' என்று சொல்வதை மாநில அரசு 'இந்தப் படத்துக்கு ஆதரவு இல்லை' என்று மொழிபெயர்த்தது. தடை செய்யத் தேவையே இல்லை. சாதிக் கொலையை அதன் வசவோடும் ரத்தத்தோடும் காட்டுகிற இயக்குநருக்குத் தயாரிப்பாளரே எடிட்டிங் டேபிளில் சொல்லிவிடுவார்: 'சார், இந்த ரெண்டு நிமிஷம் 30 பர்சென்ட் சார்.' ஃபூக்கோவைப் புரிந்துகொள்ள பாரிஸ் போகவேண்டியதில்லை.

தரமான குறைந்த செலவுப் படங்களுக்கு மானியம் என்று வேறொரு திட்டமும் தமிழ்நாட்டில் உண்டு. படத்துக்கு 7 லட்சம் என்று அது வளர்ந்தது. படம் முடிந்து, தணிக்கையாகி, பிறகு குழு பார்த்து, பிறகு கொடுக்கிற பணம். படம் எடுக்கப் பணம் இல்லாதவருக்கு எடுத்து முடித்தால் பணம் தருகிறோம் என்பது ஒரு விதமான நகைச்சுவை. விருதுகளின் கதை இன்னும் மோசம். 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்கு மாநில விருது 2017-ல் அறிவிக்கப்பட்டது. கையில் கொடுத்தது 2022 செப்டம்பரில்.

இப்போது கோட்டுக்கு இந்தப் பக்கம். தமிழ்நாட்டுச் சட்டத்தின் விலக்கு தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிடும். நாகூர்ப் பக்கமோ பூம்புகார்ப் பக்கமோ வரியில்லாமல் ஓடிய அதே தமிழ்ப் பெயர் கொண்ட படம் வாஞ்சூரிலும் பூவத்திலும் எல்லையைத் தாண்டியதும் வேறு சட்டத்துக்குள் வந்துவிடும். அதே விநியோகஸ்தர், அதே பிரிண்ட், அதே தமிழ். தமிழை வளர்க்கும் ஒரு கொள்கைக்குத் தமிழர் வாழும் நிலத்தில் சோதனைச்சாவடி வரைதான் செல்லுபடி என்பது கவனத்திற்குரியது. அது மொழிக்கொள்கை என்று சொல்லப்பட்ட தொழில்கொள்கை. சென்னையில் மையம்கொண்ட ஒரு தொழிலுக்கான கொள்கை.

புதுச்சேரி அரசின் சொந்தக் கை எப்படிப்பட்டது? முதலில் படப்பிடிப்பு அனுமதி. ஆங் லீயின் 'லைஃப் ஆஃப் பை' (2012) முதல் 'நானும் ரௌடி தான்' (2015) வரை புதுச்சேரி என்றாலே மஞ்சள் சுவரும் நேர்த்தெருவும் கடற்கரைச் சாலையும். காலனியம் விட்டுப்போன சுவர் ஒரு வாடகைப் பொருளாகிவிட்டது. காரைக்காலும் அதே பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்தான். ஆனால் இங்கே விற்கக்கூடிய அளவுக்குச் சுவர் மிஞ்சவில்லை. மிஞ்சியது வயல், மீனவக் கிராமங்கள், துறைமுகத்தில் குவியும் நிலக்கரி. அந்தத் தூசியைப் பற்றி நாகூர், பட்டினம் மக்கள் எழுப்பிய புகார்கள் செய்தித்தாள்களில் வந்தன. அதைப் படம் பிடிக்கிறவர் எந்த லொகேஷன் பட்டியலுக்குள்ளும் வரமாட்டார்.

இரண்டாவது விருது. புதுச்சேரி அரசின் திரைப்பட விழாவில் சிறந்த தமிழ்ப் படத்துக்குத் தரப்படுவது சங்கரதாஸ் சுவாமிகள் விருது. 'பரியேறும் பெருமாள்' போன்ற படத்துக்கு அது போனது என்பதால் தேர்வைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெயரைப் பாருங்கள். ஊர் ஊராகப் போய் நாடகம் கற்பித்து, சிறுவர்களை வைத்து பாலர் சபை நடத்தி, கடைசியில் கை கால் விழுந்து 1922 நவம்பர் 13-ம் தேதி புதுச்சேரியில் செத்துப்போனவர் சுவாமிகள். கருவடிக்குப்பம் சுடுகாட்டில் அவர் சமாதி இருக்கிறது. அவருடைய நாடக மேடையைத் தின்று வளர்ந்தது சினிமா. தின்றவர்களுக்குத் தின்னப்பட்டவர் பெயரில் விருது. கலைமாமணி என்ற பட்டத்தையும் தமிழ்நாட்டைப் போலவே புதுச்சேரியும் தருகிறது. ஒரே பட்டம், இரண்டு அரசு.

மூன்றாவது பயிற்சி. இசையும் நடனமும் கற்பிக்கும் பாரதியார் பல்கலைக்கூடம் அரியாங்குப்பத்தில் இருக்கிறது. காரைக்கால் பையன் தவில் கற்க அந்த 130 கிலோமீட்டர் போகணும். பக்கத்தில், சீர்காழியில், தமிழ்நாட்டு மாவட்ட அரசு இசைப்பள்ளி ஒன்று இருக்கிறது. நாதசுரம், தவில், தேவாரம், மிருதங்கம் எல்லாம் 3 ஆண்டுப் படிப்பு. பக்கம்தான், ஆனால் வேறு அரசு. நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் வந்தபோதும் இதே கதை. ஒரே பந்தலில் வாசித்த இரண்டு பேர் வயசான காலத்தில் வேறு வேறு அலுவலகத்து வாசலில் நிற்கவேண்டும்.

பிரெஞ்சுக்காரர்களைப் பற்றிச் சொன்னதால் ஒன்றைச் சொல்லியாகணும். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த நாட்களிலேயே, 1946-ல், பிரான்ஸ் தன் தேசியத் திரைப்பட மையத்தை அமைத்தது. 1948-ல் டிக்கெட்டின் மேல் ஒரு தனி வரி போட்டு அதை சினிமாவுக்கே திருப்பிவிடும் ஏற்பாடு செய்தது. அந்த வரி இப்போது 10.72 சதவீதம். எங்கள் விலக்குக்கும் அந்த வரிக்கும் உள்ள வேறுபாடுதான் இந்தக் கட்டுரையின் மையம். அங்கே பெரிய படமும் கட்டுகிறது, ஹாலிவுட் படமும் கட்டுகிறது. அந்தக் குளத்திலிருந்து எடுத்து 1959 முதல் வசூலுக்கு முன்பணம் என்று ஸ்கிரிப்டைப் படித்துப் பார்த்தே கொடுக்கிறார்கள், முதல் படம் எடுப்பவர்களுக்கும் கொடுக்கிறார்கள். நாம் குளத்தில் தண்ணீரே சேராமல் மடையை ஆற்றிலேயே திறந்துவிட்டோம். கடைமடைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கவேண்டியதில்லை.

பிரெஞ்சு ஏற்பாடு புனிதமானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தயாரிப்பாளரின் வெற்றிக்கு ஏற்பத் தானாகவே போய்ச்சேரும் பங்கு அங்கும் உண்டு; அடுத்த படத்தில் போடவேண்டும் என்ற நிபந்தனையோடு. இதே பிரான்ஸ்தான் 1934-ல் லவால் ஆணை மூலம் ஆப்பிரிக்கக் காலனிகளில் அனுமதியில்லாமல் கேமராவைத் தூக்கக்கூடாது என்றது. பிறகு 1968-ல் செம்பேனின் 'மண்டபி'க்கு அந்த மையத்தின் பணம் கிடைத்தபோது வோலோஃப் மொழியோடு பிரெஞ்சு மொழியிலும் ஒரு வடிவம் எடுக்கவேண்டியிருந்தது. பணம் கொடுக்கும் கை மொழியையும் பிடிக்கும். கேரளம் 1975-ல் திரைப்பட வளர்ச்சிக் கழகம், 1998-ல் சலச்சித்ர அகாதமி என்று நிறுவனங்கள் கட்டியது. ஆனால் அங்கேதான் ஜான் ஆபிரகாம் ஒடேசா குழுவோடு ஊர் ஊராக மக்களிடம் காசு வசூலித்து 'அம்மா அறியான்' (1986) எடுத்தார் என்பதையும் மறக்கவேண்டாம். அரசுக் கழகம் இருப்பது அதற்கு வெளியே படம் எடுக்கும் தேவையை இல்லாமலாக்கிவிடவில்லை.

இசைக்கு வருவோம். 'இசைத் தொழில்' என்று நாம் சொல்வது நடைமுறையில் சினிமாப் பாட்டு. மற்ற இசையை அரசு காப்பாற்ற முயன்ற ஒரு பெரிய சோதனை வானொலியில் நடந்தது. 1952-ல் மந்திரியாக வந்த கேஸ்கர் சினிமாப் பாட்டை ஆகாசவாணியிலிருந்து விரட்டினார். சாஸ்திரிய சங்கீதக்காரர்களுக்குத் தேர்வு வைத்து கிரேடு கொடுத்தார். சனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளை இலங்கைக்குத் திருப்பினார்கள். இந்தக் கடற்கரைக்கு இலங்கை ரொம்பத் தொலைவு இல்லை. 1957-ல் விவித பாரதியைத் தொடங்கி அரசு இறங்கிவந்தது. தடை செய்து ஒரு கலையை வளர்க்க முடியாது என்பது மட்டுமல்ல இதிலிருந்து தெரிவது. அன்றைக்குத் தேர்வுக்குழுவில் உட்கார்ந்தவர்கள் யார், எந்த இசை 'இசை' என்று கிரேடு வாங்கியது, எது 'கிராமிய நிகழ்ச்சி'யில் போய் உட்கார்ந்தது என்பதும் தெரிகிறது. இப்போது காரைக்கால் பண்பலை 100.3-ல் டெல்டா முழுக்க சினிமாப் பாட்டு கேட்கிறது. அந்த நிலையம் மத்திய அரசுடையது என்பதால் மட்டும் அதன் அலைவரிசை சோதனைச்சாவடியில் நிற்பதில்லை!

அரசும் இல்லாமல், சினிமாவையும் பெரிதாக நம்பாமல் இந்தப் பகுதியில் ஒரு குரல் எழுந்தது என்றால் அது நாகூர் ஹனிபா (1925–2015). கட்சி மேடை, தர்கா, கல்யாண வீடு, இசைத்தட்டு, பிறகு கேசட். சினிமாவில் அவர் பாடியது சொற்பம். 1992-ல் 'செம்பருத்தி'யில் இளையராஜா கூப்பிட்டுப் பாடவைத்தார். அந்தக் குரலை வளர்த்தது கூட்டத்துக்கு வந்த சனம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) 'காளமேகம்' (1940) படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். அதனால் நாயனம் சினிமாவில் உட்கார்ந்துவிடவில்லை. சினிமா நாயனத்தை எடுத்துக்கொண்டது மங்கல ஓசையாக, தாலி கட்டும் நொடிக்கு. ராகம் வாசிக்க இரண்டு மணி நேரம் கேட்கும் கருவிக்கு அது எட்டு விநாடி கொடுத்தது.

பணம் கொடுக்காமலேயே அரசு செய்த ஒரு உருப்படியான காரியம் 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தயாரிப்பாளரிடம் எதை எழுதிக்கொடுத்தாலும் ராயல்டியில் தங்கள் பங்கை இழக்கமுடியாது என்றாகிவிட்டது. வாசித்தவருக்கும் பாடியவருக்கும், அதாவது நிகழ்த்துகிறவருக்கும், வணிகப் பயன்பாட்டில் பங்கு உண்டு என்று அதே திருத்தம் சொல்கிறது. கிராமத்துப் பெண் ஒருவர் ஒப்பாரியை ஸ்டூடியோவில் பாடிவிட்டு ஒரு நாள் பேட்டாவோடு திரும்பி வருகிறாரே, அவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். அவரிடம் யாராவது சொன்னார்களா? பதிவு செய்ய வேண்டும், சங்கத்தில் சேர வேண்டும், கணக்குக் கேட்க வேண்டும். நம்ம ஆட்கள் கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிற நேரத்தில் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொடுக்கலாம். மறுபக்கம், கல்யாண ஊர்வலத்தில் நாயனக்காரர் சினிமாப் பாட்டு வாசித்தால் உரிமைத்தொகை கேட்க முடியாது. சட்டத்தின் 52-வது பிரிவே அதை விலக்கி வைத்திருக்கிறது. இதைச் சொல்லி மிரட்டிப் பணம் கேட்க யாராவது வந்தால் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கேளிக்கை வரிக்கு 2017-ல் என்ன ஆனது என்பதோடு முடிக்கிறேன். ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில அரசுகளின் கேளிக்கை வரி அதற்குள் கரைந்தது. பெயருக்குக் கொடுத்த விலக்கும் கூடவே கரைந்தது. 101-வது அரசியல் சட்டத் திருத்தம் ஒரு சின்னக் கதவை மட்டும் திறந்துவைத்தது. பஞ்சாயத்தோ நகராட்சியோ விதித்து வசூலித்தால் கேளிக்கை வரி போடலாம். தமிழ்நாட்டில் ஜூலை மாதம் தியேட்டர்களை மூடிப் போராடினார்கள். அக்டோபரில் உள்ளாட்சி வரி 10 சதவீதம், பிறகு புதிய தமிழ்ப் படத்துக்கு 8 என்று பேசி முடித்தார்கள். பேரம் தயாரிப்பாளருக்கும் அரசுக்கும் இடையில் நடந்தது. யாருடைய பெயரில் வரியோ அந்தப் பஞ்சாயத்துகளை யாரும் கூப்பிடவில்லை.

அந்தக் கதவு வழியாகப் பார்த்தால் சட்டப்படி ஒரு சிறிய குளம் வெட்ட இடம் இருக்கிறது. டிக்கெட்டில் வரும் உள்ளாட்சிப் பங்கில் ஒரு பகுதியை ஒதுக்கி, திருநள்ளாறிலோ நெடுங்காட்டிலோ மாலை நேரத் தவில் வகுப்பு நடத்த, பள்ளிக்கூடத்தில் ஒரு திரையிடல் போட, ஒரு ஆவணப்படக்காரருக்குக் கேமரா வாடகை கொடுக்க எந்த மந்திரிசபையும் தேவையில்லை. ஊர் மன்றம் ஒரு தீர்மானம் போட்டாலே அது தொடங்கிவிடும். ஆனால் தீர்மானம் போட மன்றம் வேண்டுமே. காரைக்காலில் ஒரு நகராட்சியும் 5 கொம்யூன் பஞ்சாயத்துகளும் இருக்கின்றன. 'கொம்யூன்' என்ற சொல் மட்டும் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனபடியே நிற்கிறது. புதுச்சேரிப் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் ஒருமுறை, பிறகு நீதிமன்றம் வரை போய் 2006-ல் ஒருமுறை நடந்தது. 2011-ல் அந்த மன்றங்களின் காலம் முடிந்ததும் நிர்வாகம் அதிகாரிகள் கைக்குப் போனது. கேளிக்கை வரி ரசீதில் கொம்யூனின் முத்திரை இருக்கும். முத்திரைக்குப் பின்னால் நாம் ஓட்டுப்போட்டு அனுப்பிய ஆள் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்.